நெல்லிமடு வாங்கிய ஐம்பத்திரண்டு மதிப்பெண்

ஜவ்வாது மலையில் நெல்லிமடு என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரு மருத்துவச்சியைக் கொடுப்பதென்று அரசாங்கம் முடிவு செய்தது. கொடுப்பதற்கு முன்னால், தன்னைப் பற்றி அந்த ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்துப் பெண்டாட்டியிடம் 'என்னைப் பிடித்திருக்கிறதா' என்று கேட்கிற புருஷன் மாதிரி, சுதந்திரம் வந்து பதினான்கு வருஷம் கழித்துக் கேட்டது. வந்த வம்பெல்லாம் அந்தக் கேள்வியால் வந்ததுதான்.

இதற்கென்றே ஒரு கிளை ஆரம்பித்திருந்தார்கள். குடிமக்கள் மனப்பான்மை வளர்ச்சிக் கிளை என்று பெயர். அடிவாரத்தில் மூடிக்கிடந்த ஒரு நெல் மில்லில் அதன் அலுவலகம். அதிகாரி லட்சுமணன். நல்ல மனிதர்தான். லஞ்சம் வாங்க மாட்டார், யாரையும் வைய மாட்டார், குளிக்காமல் கோப்பைத் தொட மாட்டார். அரசாங்கம் ஒன்றைச் செய்வதைவிட, அரசாங்கம் செய்கிறது என்று ஜனங்கள் நினைப்பதுதான் முக்கியம் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காகத்தான் அவருக்கு ஜீப் கொடுத்திருந்தார்கள்.

வேடியப்பனுக்கு ஜீப்பும் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. மூன்று ஏக்கர் சாமைக் கொல்லை, பதினேழு புளியமரம், கெங்கம்மாள் என்கிற மனைவி, செல்லியம்மாள் என்கிற ஒரே மகள், அவ்வளவுதான் அவன் சொத்து. மருமகன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். செல்லியம்மாளுக்கு ஐந்தாம் மாதம். போன பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்துவிட்டது. மூங்கிலில் போர்வையைக் கட்டி, அதில் அவளைப் போட்டு, நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி தேடிச் சந்தவாசல் பக்கம் இறங்கினார்கள். பதினொரு மைல். ஆறாவது மைலில் ஒரு பாறை நிழலில் குழந்தை பிறந்தது, அழவில்லை. அங்கேயே குழி தோண்டி வைத்துவிட்டு, மகளைத் திரும்ப மேலே தூக்கி வந்தார்கள். அந்தப் பாறையைத் தாண்டும்போதெல்லாம் வேடியப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நடப்பான். அதனால் ஊருக்கு மருத்துவச்சி வருகிறாள் என்றதும் அவன் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

தை மாதம் லட்சுமணன் இரண்டு குமாஸ்தாக்களோடு மேலே வந்தார். கூடவே வெள்ளைச் சேலையில் ஒரு பெண், சகுந்தலா. அவள்தான் அந்த மருத்துவச்சி. பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்து, நான்கு மாதமாக மில்லில் உட்கார்ந்திருந்தாள். ஊரின் மனப்பான்மை தெரியாமல் ஆளை மேலே அனுப்பக் கூடாது என்பது விதி. சும்மா இருக்கிறாளே என்று அவளைக் கேள்விப் படிவம் நிரப்பப் பழக்கியிருந்தார்கள். கையில் மருந்துப்பெட்டிக்குப் பதிலாக மைப்பெட்டி இருந்தது.

வந்தவர்களுக்கு வேடியப்பன் வீட்டில்தான் சாப்பாடு. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு கிண்ணம் மலைத்தேன். லட்சுமணன் இரண்டாவது கிண்ணம் தேன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, இருபத்தைந்து பேரை வரிசையாக உட்காரவைத்துக் கேள்வியை ஆரம்பித்தார்.

இங்கே நெல்லிமடுவின் ஒரு முறையைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் சாப்பிட்டுக் கை நனைத்த விருந்தாளியிடம் யாரும் தங்கள் குறையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், போட்ட சோற்றுக்குக் கூலி கேட்டது போல ஆகும். விருந்தாளி ஊர் எல்லையில் நிற்கிற வேங்கை மரத்தைத் தாண்டுகிறவரை அவர் எதைக் கேட்டாலும் நல்லதாகத்தான் பதில் வரும். மாமியார் செத்த வீட்டுக்காரன்கூட, விருந்தாளி கேட்டால் 'எல்லாரும் நல்லா கீறோம்ங்க' என்றுதான் சொல்வான்.

"அரசு உங்கள் மீது அக்கறை கொண்டிருக்கிறதா?"

"கீதுங்க."

"சாலை, குடிநீர், மருத்துவம் ஆகியவை பற்றித் திருப்தியா?"

"ரொம்ப திருப்திங்க."

"குறை ஏதும் உண்டா?"

"ஒரு கொறையும் இல்லீங்க."

ஊர்க்கவுண்டர் சின்னராசுவும் அதையே சொன்னார். ஒற்றைக் கண்ணில் பூ விழுந்திருந்தவரும் அதையே சொன்னார். வேடியப்பனும், வாயெல்லாம் சிரிப்பாக, அதையே சொன்னான். சகுந்தலா எழுதிக்கொண்டே செல்லியம்மாளின் வயிற்றைப் பார்த்தாள். எழுந்து பக்கத்தில் போகப் பார்த்தவளை லட்சுமணன் கையமர்த்தினார். "இன்று நீங்கள் கேள்வி கேட்பவர் மட்டும். தொட்டுவிட்டால் பதில் சாய்ந்துவிடும்" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து மருத்துவச்சி வரவில்லை. ஒரு பலகை வந்தது. 'முழுத் திருப்திக் கிராமம், நூற்றுக்கு நூறு' என்று பச்சை வண்ணத்தில் எழுதியிருந்தது. வேங்கை மரத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். ஊரே திரண்டு வந்து பலகையைப் பார்த்தது. படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், மருத்துவச்சியின் பெயர்தான் எழுதியிருக்கிறது என்று முடிவு செய்து, பூ வைத்துக் கற்பூரம் காட்டினார்கள்.

எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னவர் உஸ்மான் பாய். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்க வருஷா வருஷம் மலையேறி வருகிறவர். கோவேறு கழுதையை நிறுத்திவிட்டுப் பலகையைப் படித்தார், ஒரு தடவை தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"இன்னா வேடியப்பா, உங்களுக்குக் கொறையே இல்லையாமே."

"நாங்கதான் அப்பிடிச் சொன்னோம் பாய். சோறு துண்ட மனுசன்கிட்ட வேற இன்னா சொல்றது?"

"அரே, அவன் விருந்தாளி இல்லப்பா, சர்க்காரு. சர்க்காருகிட்டப் போயி மரியாதை பார்த்தா, உனக்கு இன்னாத்துக்கு நர்ஸு? நீதான் நல்லா கீறியே. வா, கீழ போய்க் கேப்போம்."

இருவரும் மலையிறங்கினார்கள். வேடியப்பன் ஒரு சீசா தேன் எடுத்துக்கொண்டான். மில்லில் லட்சுமணன் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். நூற்றுக்கு நூறு வாங்கிய ஊர்க்காரன் யாரும் அதுவரை அந்த மில்லுக்கு வந்ததில்லை.

"மருத்துவச்சியம்மா எப்பங்க வரும்? எம் பொண்ணுக்கு ஆறு மாசம் ஆகுது."

லட்சுமணன் கனிவோடு விளக்கினார். "பெரியவரே, மருத்துவச்சி எதற்கு? மக்களைத் திருப்திப்படுத்த. நீங்கள்தான் ஏற்கெனவே திருப்தியாக இருக்கிறீர்களே. இனி நான் மருத்துவச்சியை அனுப்பினால், உங்கள் திருப்தியை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். உங்கள் வார்த்தையைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. ஜனநாயகத்தில் மக்கள் வாக்குதான் கடைசி வாக்கு."

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

"மரியாதை வேறு, மனப்பான்மை வேறு என்று பிரிக்கப் படிவத்தில் இடமில்லை."

சுவரோரம் ஸ்டூலில் சகுந்தலா உட்கார்ந்து வேறு ஏதோ ஊரின் மனப்பான்மையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வேடியப்பன் அவளைப் பார்த்தான். அவன் கேட்டு வந்த ஆள் ஆறு அடி தூரத்தில் இருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே தப்பு என்று பயந்துபோய்த் தேன் சீசாவை மேசைமேல் வைத்தான். லட்சுமணன் அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். அதிருப்தி இருந்தால் மறு ஆய்வுக்கு மனு கொடுக்கலாம் என்றார். உஸ்மான் பாய் அங்கேயே குந்தி ஒரு மனு எழுதினார், வேடியப்பன் கைநாட்டு வைத்தான்.

மாசிக் கடைசியில் மறு ஆய்வு வந்தது. இந்தத் தடவை உஸ்மான் பாய் முந்தைய நாளே ஊரைக் கூட்டிச் சொல்லிவைத்தார். "சோறு போடாதீங்க, தண்ணிகூடக் குடுக்காதீங்க. இன்னா கேட்டாலும் 'இல்லை'ன்னு ஒரே ஜவாப். யோசிக்கவே கூடாது."

விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்தது ஊருக்கே உடம்பு சரியில்லாதது போலத்தான் இருந்தது. கெங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஆனாலும் கட்டுப்பாடாக நின்றார்கள்.

"அரசு உங்கள் மீது அக்கறை கொண்டிருக்கிறதா?"

"இல்லை."

"மருத்துவச்சி வந்தால் பயன்படுவாரா?"

"இல்லை."

லட்சுமணன் நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்கிறவர்கள் கவனத்தோடு சொல்கிறார்களா என்று அறிய, படிவத்தின் நடுவில் ஒரு சோதனைக் கேள்வி உண்டு. "சூரியன் கிழக்கே உதிக்கிறதா?"

"இல்லை" என்றார் ஊர்க்கவுண்டர் சின்னராசு. மற்ற இருபத்துநான்கு பேரும் அவரைக் கைவிடவில்லை.

செல்லியம்மாளிடம் சகுந்தலா கேட்டாள். செல்லியம்மாள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "காலு ரெண்டும் வீங்குதுக்கா. தல வேற பாரமா கீது. அது இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். சகுந்தலாவின் பேனா நின்றுவிட்டது. குனிந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்தினாள். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே கிடந்தது. லட்சுமணன் அங்கிருந்தே தொண்டையைச் செருமினார். சகுந்தலா உப்பைக் குறைக்கச் சொன்னாள், படுத்தே இருக்கச் சொன்னாள், இதை எல்லாம் படிவத்தில் எழுதாமல் அடுத்த ஆளிடம் போனாள்.

மதிப்பெண் சைபர். மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் மேலே வந்தார். சூரியன் விஷயத்தில்கூட அரசாங்கத்தோடு ஒத்துப்போகாத ஊர் என்று அறிக்கையில் இருந்ததால், ஆயுதம் ஏதும் பதுக்கியிருக்கிறார்களா என்று சோதனை போட்டார். இரண்டு அரிவாளும் ஒரு கவணும் கிடைத்தன. கவணைக் கொண்டுபோய்விட்டார்.

வேடியப்பன் மறுபடி இறங்கினான். இப்போது லட்சுமணன் எழுந்து நிற்கவில்லை. ஆனால் குரலில் கோபமும் இல்லை. அவருக்குக் கோபமே வராது என்பதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை.

"பகைமை நிறைந்த ஊருக்கு ஒரு பெண் ஊழியரை எப்படி அனுப்புவேன்? நீங்களே சொல்லுங்கள்."

"நாங்க பகையெல்லாம் இல்லீங்க. கொறை சொன்னாதான் குடுப்பீங்கன்னு சொன்னோம்."

"நூறும் ஆகாது, சைபரும் ஆகாது. அரசுக்கு வேண்டியது ஆரோக்கியமான அதிருப்தி. நாற்பதுக்கு மேல், அறுபதுக்குக் கீழ். குறை இருக்க வேண்டும், ஆனால் உறுத்தக் கூடாது. கேட்க வேண்டும், ஆனால் கேட்டது கிடைக்காவிட்டால் வருந்தக் கூடாது. இது பிறவியிலேயே வராது. பயிற்சி வேண்டும். உங்கள் ஊரையே முதல் முகாமாக எடுத்துக்கொள்கிறேன்."

"அதுக்கு எத்தினி நாள் ஆகும்ங்க?"

"ஒரு தலைமுறை ஆகும். நாம் ஆறு வாரத்தில் முடிக்கிறோம்."

வேடியப்பன் விரல்விட்டு எண்ணினான். ஆறு வாரம் போனாலும் பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடலாம். அவனுக்கு வேறு வழியும் தெரியவில்லை. கையைக் கூப்பினான்.

பங்குனி மாதம் முழுக்க, புளி உலுக்குகிற நேரத்தில், நெல்லிமடு குறை சொல்லப் படித்தது. பயிற்சியாளர் ஒருவர் கரும்பலகையோடு வந்தார். குறை சொல்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கை தூக்க வேண்டும். பெயர் சொல்லி அழைக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது. அழைத்த பிறகு மூன்று வரி நன்றி. அப்புறம் ஒரு குறை. ஒன்றுதான், அதுவும் பாதிதான். முடிவில் இரண்டு வரி நம்பிக்கை. கை தூக்காமல் பேசினால் பகைமைக் கணக்கில் சேரும். பயிற்சியாளர் இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்துபார்க்கச் சொன்னார். கை தூக்காமல் வாய் திறந்தவர்களை வெயிலில் நிறுத்தினார். பத்தே நாளில், வீட்டில் பெண்டாட்டியிடம் கஞ்சி கேட்கவும் ஆண்பிள்ளைகள் கை தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போட்டி வைத்தபோது பரிசு வாங்கியவர் ஊர்க்கவுண்டர் சின்னராசு. "சர்க்காருக்கு நன்றிங்க. அதிகாரிக்கு நன்றிங்க. ஜீப்புக்கு நன்றிங்க. காட்டுப்பன்னி சாமைக் கொல்லையைத் துண்ணுட்டுதுங்க, ஆனா ஒரு ஓரமா கொஞ்சம் வுட்டு வச்சுதுங்க. வர்ற வருசம் இன்னும் ஜாஸ்தியா வுடும்னு நம்புறோம்ங்க. பன்னிக்கும் நல்ல மனசு வரும்னு நம்புறோம்ங்க."

லட்சுமணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினான்கு ஆண்டுகளாக இந்த நாடு தேடிக்கொண்டிருந்த குடிமகன் இவர்தான்" என்று சொல்லி ஒரு துண்டு போர்த்தினார்.

உஸ்மான் பாய் அன்று கடுக்காய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வேடியப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது பேஜாரு புடிச்ச சமாச்சாரம்டா. பொண்ணை இப்பவே கழுதைமேல உக்கார வச்சு என்னோட அனுப்பு. எங்க வூட்டுல ஜோஹரா கீறா, பக்கத்துலயே ஆஸ்பத்திரி. குழந்த பொறக்கிறவரைக்கும் இருக்கட்டும். இன்னா சொல்றே?"

வேடியப்பன் யோசித்தான். செல்லியம்மாள் இல்லாமல் போனால் இருபத்தைந்தில் ஒரு ஆள் குறையும். அடுத்த வாரம்தான் மூன்றாவது ஆய்வு. ஊர் முழுக்க ஒரு மாதமாக இவன் மகளுக்காகத்தான் கை தூக்கிப் பழகிக்கொண்டிருக்கிறது. அவளையே அனுப்பிவிட்டால் ஊர் முகத்தில் எப்படி விழிப்பது?

"அரசாங்கமே குடுக்கிறேன்னு சொல்லியாச்சு பாய். இத்தினி தூரம் வந்துட்டு வேணாம்னு எப்பிடிச் சொல்றது? தப்பா நெனப்பாங்க."

உஸ்மான் பாய் மூட்டையை ஏற்றிக் கழுதையை ஓட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மூன்றாவது ஆய்வில் நெல்லிமடு ஐம்பத்திரண்டு மதிப்பெண் வாங்கித் தேறியது. ஆறு வாரம் என்றது எட்டு வாரம் ஆனது. மதிப்பெண்ணைச் சரிபார்க்க ஒரு வாரம், விழாவுக்கு நாள் பார்க்க ஒரு வாரம். வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை, வேங்கை மரத்தடியில் பந்தல் போட்டு மருத்துவச்சி வழங்கும் விழா நடந்தது. மேடைமேல் நாற்காலியில் சகுந்தலாவை மாலை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் மருந்துப்பெட்டி சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தது. பேச்சு முடிந்ததும் ஆணையை அவள் கையில் கொடுப்பார்கள். கொடுத்த பிறகுதான் அவள் நெல்லிமடுவின் மருத்துவச்சி. அதுவரை அவள் கிளையின் சொத்து. போட்டோ எடுக்கக் கண்ணமங்கலத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

செல்லியம்மாளுக்கு விடியும்போதே வலி கண்டிருந்தது. கெங்கம்மாளும் பக்கத்துவீட்டு ராணியம்மாளும் கூட இருந்தார்கள். மருத்துவச்சி ஊருக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிற தைரியத்தில் வேடியப்பன் பந்தலுக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்தான். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

லட்சுமணன் பேசினார். "இந்த நாட்டில் சாலைகள் போட்டுவிடலாம், கிணறுகள் வெட்டிவிடலாம். அது கொத்தனார் வேலை. மனப்பான்மையை வெட்ட முடியுமா? நாங்கள் வெட்டியிருக்கிறோம். முன்பெல்லாம் மக்கள் அரசாங்கத்தைக் கண்டு பயந்தார்கள். இன்று பயம் போய்விட்டது. பயந்தவன் செய்வதையெல்லாம் இன்று தாமாகவே, மலர்ந்த முகத்தோடு செய்கிறார்கள். இதுதான் குடியாட்சி."

அப்போதுதான் ராணியம்மாள் ஓடிவந்து வேடியப்பன் காதில் சொன்னாள். "செல்லிக்கு வலிப்பு வந்து இழுக்குதுண்ணா. பல்லு கட்டிக்கிச்சு. அந்தம்மாவைச் சீக்கிரம் கூட்டியா."

வேடியப்பன் எழுந்தான். மேடைக்கும் அவனுக்கும் நடுவில் நூறு பேர், நடக்க நடுவில் வழியும் விட்டிருந்தது. வாயைத் திறந்தான். சத்தம் வருவதற்கு முன்னால் கை மேலே போய்விட்டது. கை மேலே போனதும் வாய் மூடிக்கொண்டது. அழைக்கிறவரை பேசக் கூடாது.

லட்சுமணன் அந்தக் கையைப் பார்த்தார். புன்னகை செய்தார். விரலை உயர்த்திக் கொஞ்சம் பொறுக்கும்படி ஜாடை காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

ராணியம்மாள் சொன்னது வரிசை வரிசையாகப் பரவியது. பக்கத்தில் இருந்தவன் கை தூக்கினான். அவனுக்கு முன்னால் இருந்தவள் தூக்கினாள். ஊர்க்கவுண்டர் சின்னராசு, போர்த்திய துண்டோடு எழுந்து நின்று தூக்கினார். ஒரு சத்தம் இல்லை. பந்தல் முழுக்கக் கைகள் நின்றன. எல்லார் முகத்திலும் பதைப்பு. ஒருவர் வாயும் திறக்கவில்லை. லட்சுமணனுக்கு அப்படி ஒரு மரியாதையை எந்த ஊரும் செய்ததில்லை. தழுதழுத்துப்போய், பத்து நிமிஷத்தில் முடிக்க நினைத்த பேச்சை நீட்டினார். போட்டோக்காரரைப் பார்த்து, எடுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

சகுந்தலாதான் முதலில் புரிந்துகொண்டாள். கைகளைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்தாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், பெட்டியின் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள், மேடையிலிருந்து குதித்தாள். "ஆணை இன்னும் வழங்கப்படவில்லை" என்று லட்சுமணன் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேடியப்பன் அவளுக்குப் பின்னால் ஓடினான். ஓடும்போதும் கை மேலேதான் இருந்தது. வீட்டு வாசலில் குனிந்து நுழையும்போதுதான் அவனுக்கே அது தெரிந்தது.

குழந்தையைக் காப்பாற்றிவிட்டாள். பெண் குழந்தை, நன்றாக அழுதது. செல்லியம்மாள் கண் திறக்கவேயில்லை. அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று சகுந்தலா சொல்ல ஆரம்பித்து, வேடியப்பன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணிக்குச் செல்லியம்மாள் போய்விட்டாள்.

"காலு இருந்துதே எனக்கு" என்று வேடியப்பன் கெங்கம்மாளிடம் சொன்னான். "வாயி இருந்துதே. போயி இழுத்துக்கினு வந்திருக்கலாமே. கைய தூக்கிக்கினு நின்னேன்டி. எம் பொண்ணை நானே கொன்னுட்டேன்." கெங்கம்மாள் அவனைத் தேற்றவில்லை. பேச்சுக்கு மரியாதை கொடுத்துப் பொறுத்திருந்தவனை என்ன சொல்லித் தேற்றுவது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் லட்சுமணன் வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஆணை வாங்குவதற்கு முன்னால் பணி செய்த குற்றத்துக்காகச் சகுந்தலாவை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கவலை வேண்டாம், மருத்துவச்சி பணியிடம் நெல்லிமடுவுக்குத்தான், எப்போது ஆள் கிடைத்தாலும் இங்கேதான் வருவார்.

"ஆனால் ஒரு சிக்கல். மதிப்பெண் இருபத்தைந்து பேருக்குக் கணக்கிட்டது. உங்கள் மகள் பதினான்காம் எண். அந்த எண் காலியாக இருந்தால் ஐம்பத்திரண்டு செல்லாது, பணியிடமும் போய்விடும். பெண்ணுக்குப் பதில் பெண், அதே வீட்டில், ஏற்கெனவே எண் இல்லாதவராக இருக்க வேண்டும். உங்கள் மனைவி பதின்மூன்று. வீட்டில் வேறு பெண் யாராவது…"

அவர் பார்வை கெங்கம்மாளின் மடியில் கிடந்த குழந்தைமேல் போய் நின்றது.

"அதுக்கு இன்னும் ஒரு மாசம்கூட ஆவலீங்க" என்றான் வேடியப்பன்.

"வயது வரம்பு விதியில் சொல்லப்படவில்லை. படிவத்தில் 'ஆம்', 'இல்லை' தவிர மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு. கருத்து இல்லை. நாற்பது கேள்விக்கும் அதில் குறித்துவிட்டால் மதிப்பெண் அசையாது. கைநாட்டு மட்டும் வேண்டும்."

வேடியப்பன் கெங்கம்மாளைப் பார்த்தான். ஊரில் இன்னும் மூன்று பெண்கள் பிள்ளைத்தாய்ச்சிகள். இவன் மாட்டேன் என்றால் பணியிடம் போய்விடும். சரி என்றால், பணியிடமாவது இருக்கும். அவன் வாயைத் திறக்கவும் இல்லை, கையைத் தூக்கவும் இல்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இறுக மூடியிருந்த சின்ன முஷ்டியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். கட்டைவிரலை மையில் தொட்டு, லட்சுமணன் காட்டிய கட்டத்தில் அழுத்தினான். ரேகை சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார்.

குழந்தை அழவில்லை. மைபட்ட விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு தூங்கிவிட்டது. லட்சுமணன் படிவத்தை ஊதிக் காயவைத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.